படிகாரம் இட்ட பிறகும் சவ்வு அடைபடுவது ஏன்? குளோரெல்லா அறுவடையில் ஓர் ஐயம்

குளத்துநீர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறிய அளவில் குளோரெல்லா வல்காரிஸ் என்னும் நன்னீர் நுண்பாசியை வளர்த்து வருகிறேன். துடுப்புச் சக்கரம் சுழலும் திறந்தவெளித் தொட்டிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 10,000 லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 4,000 லிட்டர் எடுத்து அறுவடை செய்ய வேண்டும் என்பது திட்டம். ஒரு லிட்டரில் உலர் எடையாக அரை கிராம் பாசிதான் தேறுகிறது என்பதால், அந்த 4,000 லிட்டரையும் வடித்தால் கைக்குக் கிடைப்பது 2 கிலோ. காயவைத்து மீன் தீவனத்தில் கலப்பவர்களுக்கு விற்கிறேன். பிற்பாடு மனிதர் உண்ணும் தரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

வடிப்பதற்கு 0.1 மைக்ரான் துளையுள்ள, பிவிடிஎஃப் என்னும் நெகிழிப் பொருளால் ஆன ஹாலோ ஃபைபர் சவ்வு, அதாவது உட்கூடான நுண்ணிழைகளின் கட்டு, வைத்திருக்கிறேன். மொத்தப் பரப்பு 10 சதுர மீட்டர். நீர் இழைகளின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே செல்லும் வகை. இருபது மடங்கு செறிவாக்கி, எஞ்சும் 200 லிட்டரை மட்டும் மையவிலக்கியில் போட வேண்டும் என்று கணக்கிட்டிருந்தேன். ஓட்டத் தொடங்கும்போது ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 40 லிட்டர் வடிகிறது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் அது 12 லிட்டராக இறங்கிவிடுகிறது. அழுத்த வேறுபாடோ 0.2 பாரிலிருந்து 0.7 பாருக்கு ஏறிவிடுகிறது. ஒரு நாள் அறுவடையை முடிக்க ஒன்றேகால் நாளுக்கு மேல் ஆவதால், ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் எடுக்க முடிகிறது.

பாசியைத் திரளாக்கிவிட்டு வடித்தால் அடைப்பு குறையும் என்று படித்து, ஆறு முகவைகளில் அலுமினியம் சல்ஃபேட் படிகாரத்தை வெவ்வேறு அளவில் இட்டுச் சோதித்தேன். லிட்டருக்கு 150 மில்லிகிராம் இட்ட முகவையில் கால் மணி நேரத்தில் பாசி முழுவதும் பஞ்சுபோல் திரண்டு அடியில் தங்கி, மேல்நீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அதே அளவைக் கலவைத் தொட்டியில் இட்டுச் சவ்வுக்கு அனுப்பினேன். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடியது. அதன்பின் படிகாரம் இடாதபோது இருந்ததைவிடவும் மோசமாக அடைத்துக்கொண்டது. வழக்கமாகச் செய்யும் பிளீச்சிங் கழுவலிலும் பழைய ஓட்டம் திரும்பவில்லை. உறையைத் திறந்து பார்த்தபோது, பச்சைப் படிவத்தை விரலால் வழித்த இடத்தில் அதன் அடியில் வெண்மையான, சோற்றுக் கஞ்சி ஆடைபோன்ற ஒரு மெல்லிய படலம் இழையோடு ஒட்டியிருந்தது.

முகவையில் அவ்வளவு அழகாகத் திரண்டது, சவ்வில் ஏன் இப்படி ஆயிற்று? படிகாரத்தின் அளவு போதவில்லையா, கூடிவிட்டதா, அல்லது திரளாக்கமும் சவ்வும் சேரவே சேராதவையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வடிநீர் எழுதியது:

வணக்கம் தம்பி. குடிநீர், கழிவுநீர் நிலையங்களில் சவ்வுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாசி எனக்குப் பிற்பாடுதான் அறிமுகம். திரளாக்கமும் சவ்வும் நன்றாகவே சேரும். ஆனால் படிய வைப்பதற்கான திரளாக்கம் ஒரு வேலை, வடிப்பதற்கான திரளாக்கம் வேறொரு வேலை. நீங்கள் முதல் வேலைக்கான தேர்வை வைத்து இரண்டாவது வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறீர்கள்.

குளோரெல்லாவின் செல் ஏறக்குறைய 4 மைக்ரான் விட்டமுள்ளது. நீரைவிட மிகச் சிறிதளவே அடர்த்தி கூடியது. ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால் அது அசையாத நீரில் ஒரு நாள் முழுவதும் இறங்கினாலும் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. போதாததற்கு, செல்லின் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளால் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் கொண்டு, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரம் அந்த மின்னேற்றத்தைத் தணிக்கிறது. அளவு கூடும்போது அலுமினியம் ஹைட்ராக்சைடு என்னும் வழவழப்பான வீழ்படிவாகித் தன் வலையில் செல்களை வாரிக்கொண்டு கீழே இறங்குகிறது. முகவையில் நீங்கள் கண்ட பஞ்சு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. படிய வைப்பவருக்கு அது வரம். சவ்வு வைத்திருப்பவருக்கு அந்த வலையே பகை, ஏனென்றால் அந்த வீழ்படிவு நீர் நிறைந்த களி. அழுத்தம் ஏறினால் நசுங்கி, இழையின்மேல் அப்பிக்கொள்ளும். நீங்கள் விரலால் வழித்துக் கண்ட வெண்படலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கோட்பாட்டின்படி, சவ்வின்மேல் படியும் அடையின் தடை துகளின் விட்டத்தினுடைய வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 4 மைக்ரான் செல்கள் 40 மைக்ரான் திரளாக மாறினால், தடை நூறில் ஒரு பங்காக வேண்டும். நடைமுறையில் அந்த நூறு கிடைப்பதில்லை. திரள் நசுங்கும், உடையும். ஆனாலும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் கணிசமான பயன் உண்டு. எனவே மேற்கொண்டு சொல்வதற்கு முன் மூன்று செய்திகள் எனக்குத் தேவை. கலவைத் தொட்டியிலிருந்து சவ்வுக்கு எந்த வகைப் பம்ப் தள்ளுகிறது? முகவைச் சோதனையை எந்நேரத்தில் செய்தீர்கள், அறுவடையை எந்நேரத்தில் ஓட்டுகிறீர்கள்? அந்த இரு நேரங்களிலும் நீரின் பிஎச் என்ன?


கரையோரி எழுதியது:

நான் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா வளர்ப்பவன். நாங்கள் நைலான் துணியில் ஊற்றி வடித்து, பிழிந்து, இடியாப்பம்போல் பிழிந்து காயவைத்துவிடுகிறோம். படிகாரமும் வேண்டாம், சவ்வும் வேண்டாம். இவ்வளவு பாடு எதற்கு என்று விளங்கவில்லை.


வடிநீர் எழுதியது:

கரையோரி அவர்களே, உங்கள் பாசி பல செல்கள் கோத்த இழை. நீளம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. அதனால் துணியில் தங்கிவிடுகிறது. குளோரெல்லா தனிச் செல். உங்கள் துணியில் ஊற்றினால் நீரோடு நீராகப் போய்விடும். சுருள்பாசி இவ்வளவு பரவியதற்கு அதன் சத்து எவ்வளவு காரணமோ, துணியில் வடிக்க முடிவதும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.


பாசிமணி எழுதியது:

வடிநீர் ஐயா சொன்னதோடு உயிரியல் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாசி உடலியங்கியலில் ஆய்வு செய்கிறேன். சவ்வுகளை நான் அறிந்தது அவை என்னைத் தொல்லைப்படுத்தியதால்தான்.

சவ்வை அடைப்பது செல் என்று எல்லாரும் எண்ணுகிறோம். செல் 4 மைக்ரான், துளை 0.1 மைக்ரான், செல் துளைக்குள் நுழைய வழியே இல்லை. அது மேலே அடையாகப் படியும், அவ்வளவுதான். நீரை எதிர்த்திசையில் செலுத்தும் பின்கழுவலில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உண்மையில் ஒட்டிக்கொள்வது பாசி வெளிவிடும் வழுவழுப்பான பொருள். அது பாலிசாக்கரைடுகளும் புரதங்களும் கலந்த பசை. அதன் ஒரு பகுதி நீரில் கரைந்திருக்கிறது. ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத களித்துகள்களாக மிதக்கிறது. இந்தப் பசை செல்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பி, மணலும் சிமெண்டும் சேர்ந்தாற்போல் அடையை இறுக்கிவிடுகிறது. நுண்ணிய பகுதி துளைக்குள்ளேயும் புகுந்துகொள்கிறது. அதோடு, இருபது மடங்கு செறிவாக்கும்போது, சவ்வு தடுத்து நிறுத்தும் பசையும் பாசியோடு சேர்ந்து செறிவாகிக்கொண்டே போகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வடிநீரை, அதாவது சவ்வின் வழியே வடிந்து வரும் நீரை, தொட்டிக்கே திருப்பி அனுப்பினால், சவ்வைத் தாண்டிய கரைபொருளும் சுற்றிச் சுற்றி வரும்.

எவ்வளவு பசை என்பது வளர்ப்பின் வயதைப் பொறுத்தது. வேகமாகப் பெருகும் கட்டத்தில் குறைவாக இருக்கும். நைட்ரஜன் தீர்ந்து வளர்ச்சி நின்ற பிறகும் ஒளி விழுந்துகொண்டே இருந்தால், செல் தனக்கு மிஞ்சிய கார்பனைச் சர்க்கரைச் சங்கிலிகளாக வெளியே தள்ளும். உரச் செலவை மிச்சப்படுத்த நைட்ரேட்டை இறுக்கிப் பிடித்து, அடர்த்தி இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த மிச்சத்தைச் சவ்வுக் கழுவலில் இழந்துவிடுகிறார்கள். உங்கள் தொட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

குற்றவாளி யார் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 0.45 மைக்ரான் வடிதாள்களும், ஒரு வெற்றிடப் பம்ப்பும், கடிகாரமும் போதும். தொட்டி நீரில் 100 மில்லியை மாறாத வெற்றிடத்தில் வடித்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். பிறகு அதே நீரைக் குறைந்த வேகத்தில் மையவிலக்கியில் சுற்றிச் செல்களை நீக்கிவிட்டு, மேல்நீர் 100 மில்லியை வடியுங்கள். வேகம் கூடினால் செல் உடைந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் மெதுவாகச் சுற்றுங்கள். செல்லே இல்லாத நீரும் நெடுநேரம் எடுத்தால் பசைதான் காரணம். மூன்றாவதாக, படிகாரம் இட்ட நீரை, படியவிடாமல் கலக்கியபடியே வடித்துப் பாருங்கள். சவ்வுக்குப் போவது அந்த நீர்தானே.


குளத்துநீர் எழுதியது:

ஐயா, அம்மா, இருவருக்கும் மிக்க நன்றி. பதில் எழுதச் சில நாள் தாமதமாகிவிட்டது. வடிதாள்கள் வந்து சேர வேண்டியிருந்தது.

ஐயா கேட்டவற்றுக்கு முதலில் விடை சொல்கிறேன். பம்ப் நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுற்றும் சாதாரண மையவிலக்குப் பம்ப். முகவைச் சோதனையைக் காலை ஏழு மணிக்குச் செய்தேன். அப்போது பிஎச் 7.4. அறுவடையை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவது வழக்கம். அந்நேரத்தில் அளந்தால் 9.2 இருக்கிறது. இந்த வேறுபாட்டை இதுவரை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வடிதாள் சோதனையின் முடிவுகள்: மதியத்துத் தொட்டி நீர் 100 மில்லி வடிய 11 நிமிடம் ஆயிற்று. செல் நீக்கிய மேல்நீருக்கு 7 நிமிடம். ஆகவே பாசிமணி அம்மா சொன்னதுபோல் பசையின் பங்குதான் பெரிது. மதியத்து நீரில் 150 மில்லிகிராம் படிகாரம் இட்டு வடித்தபோது 13 நிமிடம் ஆயிற்று. அதாவது படிகாரம் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. ஆர்வத்தில் இன்னொன்றும் செய்தேன்: தொட்டிக்காக வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு உருளையிலிருந்து சிறிது வாயுவைக் குமிழவிட்டு அதே நீரின் பிஎச்சை 7.2-க்கு இறக்கி, 150 மில்லிகிராம் இட்டேன். 4 நிமிடத்தில் வடிந்துவிட்டது.


வடிநீர் எழுதியது:

தம்பி, உங்கள் விடை உங்கள் கையிலேயே கிடைத்துவிட்டது. பகலில் பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உண்பதால் பிஎச் ஏறுவது இயல்பு. படிகாரம் நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 6 முதல் 7.5 வரையிலான பிஎச்சில். 9-ஐத் தாண்டினால் அலுமினியத்தில் ஒரு பகுதி அலுமினேட் என்னும் எதிர்மின் அயனியாகக் கரைந்தே இருக்கும். எதிர்மின்னேற்றம் கொண்ட செல்லை அது என்ன செய்ய முடியும்? கரைந்த அந்தப் பகுதி சவ்வைத் தாண்டி வடிநீரோடு போய், இரவில் தொட்டியின் பிஎச் இறங்கும்போது அங்கே வீழ்படிவாகும். எஞ்சியது உங்கள் இழையில் ஒட்டியது. காலையில் பெண் பார்த்துவிட்டு மதியம் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிய கதைதான்.

இப்போது அளவுக்கு வருவோம். 150 மில்லிகிராம் படிகாரத்தில் அலுமினியம் மட்டும் ஏறத்தாழ 12 மில்லிகிராம். அது முழுவதும் ஹைட்ராக்சைடானால் 35 மில்லிகிராம். உங்கள் பாசி லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். ஆகவே நீங்கள் விற்கும் பொடியில் நூற்றுக்கு ஆறேழு பங்கு பாசியே இல்லை. ஒரு கிலோ பாசிக்கு 24 கிராம் அலுமினியம் சேர்கிறது. மனிதர் உண்ணும் தரத்தை எட்டும் எண்ணம் இருப்பவர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். வாங்குபவர் சாம்பல் அளவைச் சோதித்தாலே தெரிந்துவிடும்.

வடிப்பதற்காகத் திரளாக்கும்போது திரள் விரைந்து படிய வேண்டிய தேவை இல்லை. பசையைப் பிணைத்து, சிறிய, இறுகிய திரளாக்கினால் போதும். அதற்குப் படிகாரம் பாதிக்கும் குறைவாகவே தேவைப்படும். பிஎச்சை 7.2-இல் நிறுத்தி, 30, 60, 90, 120 என்று இட்டு, முகவையின் தெளிவைப் பார்க்காமல் வடியும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். படிகாரமே ஒரு மில்லிகிராமுக்கு அரை மில்லிகிராம் வீதம் நீரின் காரத்தன்மையை உண்ணும் என்பதால், அதை இட்ட பிறகும் ஒருமுறை பிஎச்சை அளங்கள்.

அடுத்து பம்ப். 2,900 சுற்றுப் பம்ப்பின் வழியே திரளை அனுப்புவது, கட்டிய பூவை ஆட்டுரலில் போடுவதற்குச் சமம். உடைந்த திரள் மீண்டும் பழையபடி கூடாது. உடையும்போது பிரியும் நுண்துகள்கள் தனிச் செல்லைவிடவும் அடைப்பவை. மோனோ பம்ப் என்று நாம் சொல்கிற திருகுப் பம்ப் மெதுவாகத் தள்ளும், விலை அதிகம். செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். படிகாரம் இடாத நீரை உங்கள் பழைய பம்ப்பாலேயே இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏற்றுங்கள். தனிச் செல்லுக்கு அதனால் பெரிய கேடில்லை. அங்கே வாயுவைக் குமிழவிட்டு, படிகாரத்தை இட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அகன்ற குழாய் வழியே தானாகவே இறங்கவிடுங்கள். இரண்டு மீட்டர் நீர்மட்டம் 0.2 பார் அழுத்தம் தரும். உங்களுக்கு அதற்குமேல் தேவையே இல்லை. களித்திரளுக்கு அழுத்தம் கூடக் கூட ஓட்டம் கூடாது, அடைதான் நசுங்கும்.

தொடக்கத்தில் 40 லிட்டர் வடிகிறதே என்று மகிழவும் வேண்டாம். ஒவ்வொரு நீருக்கும் ஓர் ஓட்ட எல்லை உண்டு. அதற்குக் கீழே ஓட்டினால் அடைப்பு மிக மெதுவாகத்தான் ஏறும், மேலே ஓட்டினால் துகள்கள் விலகிப் போவதைவிட வேகமாக வந்து சேரும். 1995-இல் ஃபீல்டும் அவருடைய குழுவினரும் நுண்வடிகட்டலுக்கு எடுத்துரைத்த கருத்து இது. வடிநீர்க் குழாயின் வால்வைத் திருகி 20 லிட்டரில் கட்டிப்போடுங்கள். முதல் மணி நேரத்தில் இழப்பதுபோல் தோன்றும். நாள் முடிவில் கணக்குப் பாருங்கள்.

இப்போதுள்ள சவ்வை மீட்பது தனி வேலை. பிளீச்சிங் கரைசல் உயிர்ப்பசையைத்தான் சிதைக்கும், அலுமினியத்தை ஒன்றும் செய்யாது. இரண்டு விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வெண்படலம் கரைந்து போகும். எந்தக் கழுவலில் ஓட்டம் திரும்புகிறதோ, அதை வைத்தே அடைத்தது எது என்று கண்டுகொள்ளலாம். ஒரு கரைசலுக்கும் அடுத்ததற்கும் இடையே நல்ல நீரால் நன்கு அலசியாக வேண்டும். பிளீச்சிங்கும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் அது உயிருக்கே ஆபத்து. கழுவிய நீரின் ஒரு சொட்டும் வளர்ப்புத் தொட்டிக்குப் போகக் கூடாது.


பொரிப்பகத்தார் எழுதியது:

மரக்காணம் பக்கத்து இறால் பொரிப்பகம் ஒன்றில் பாசிப் பிரிவைக் கவனிக்கிறேன். எங்கள் அனுபவம் இதற்கு மாறானது என்பதால் பதிவு செய்கிறேன். இதைப் படிக்கும் கடல்நீர்ப் பாசிக்காரர்கள் அப்படியே பின்பற்றிவிட வேண்டாம்.

நாங்கள் நானோகுளோராப்சிஸ் போன்ற கடல் நுண்பாசிகளைச் செறிவாக்கிக் குளிரில் வைத்து, ரோட்டிஃபர் வளர்ப்புக்கு ஊட்டுகிறோம். ரோட்டிஃபர் என்பது செல்லைத் தனித்தனியாக வாங்கி விழுங்கும் நுண்விலங்கு. திரளாகிவிட்ட பாசி அதன் வாய்க்குப் பெரிது, தொட்டியின் அடியில் போய் அழுகும். ஆகவே திரளாக்கிய கூழை மீண்டும் தனிச் செல்லாகப் பிரிக்க முடியாவிட்டால் எங்களுக்குப் பயனில்லை. திரளாக்குவதற்குக் கைட்டோசான் என்னும் இயற்கைப் பொருளை முயன்று பார்த்தோம். அது இறால் ஓட்டிலிருந்தே கிடைப்பதால் எங்களுக்கு ஒரு பற்று. ஆனால் கடல்நீரின் உப்பு அதன் நேர்மின்னேற்றத்தை மறைத்து, நீண்ட சங்கிலியைச் சுருட்டிவிடுகிறது. நன்னீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமில் அருமையாகத் திரட்டும் பொருள், இங்கே கைவிட்டுவிட்டது. நாங்கள் இப்போது திரளாக்காமல், சவ்வை மட்டும் மிக மெதுவான ஓட்டத்தில் பயன்படுத்துகிறோம். அதற்குச் சவ்வுப் பரப்பு அதிகம் வேண்டும், வேறு வழியில்லை.


கரையோரி எழுதியது:

முருங்கை விதையை அரைத்து ஊற்றினால் என்ன? ஊரில் கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும்தான். அலுமினியத் தொல்லையும் இல்லை.


பாசிமணி எழுதியது:

நல்ல கேள்வி. முருங்கை விதையில் நேர்மின்னேற்றம் கொண்ட புரதம் உண்டு. அது பாசியையும் திரட்டும். ஆனால் விதையை அப்படியே அரைத்து ஊற்றும்போது, வேலை செய்யும் அந்தப் புரதத்தோடு, வேலை செய்யாத மற்றக் கரைபொருள்களும் நீரில் சேர்கின்றன. குடத்து நீருக்கு அது பொருட்டில்லை. சவ்வுக்கோ, பசையைக் குறைக்கப் போய்ப் பசையைச் சேர்த்ததாகும். புரதத்தை மட்டும் பிரித்தெடுத்தால் பயன்படும். அந்தச் செலவை 2 கிலோ பாசி தாங்குமா என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அலுமினியம் வேண்டாம் என்பவருக்கு இன்னொரு வழி, பிஎச்சை 10.5-க்கு மேல் உயர்த்துவது. நீரில் இயல்பாகவே உள்ள மெக்னீசியம் அப்போது ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகும்; அதன் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் செல்களைத் திரட்டிக்கொள்ளும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் மெக்னீசியமே போதும்; நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் அதைவிட நிறையவே இருக்கும். அறுவடை முடிந்த நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பிஎச்சைத் தணித்தால், அதே வாயு தொட்டியில் பாசிக்கு உணவாகிவிடும். கூழைச் சிறிது அமிலப்படுத்தினால் மெக்னீசியமும் பெரும்பகுதி கரைந்து பிரியும். பொரிப்பகத்தார் இதைச் சிறு அளவில் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மெக்னீசியம் இருப்பதால் பிஎச்சை அளவு மீறி உயர்த்தினால் பாசியைவிட வீழ்படிவே அதிகமாகிவிடும்.

குளத்துநீர் அவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சவ்வு பிவிடிஎஃப். வலுவான காரத்தில் அந்தப் பொருள் நாளடைவில் பழுப்பேறி, நொறுங்கும் தன்மை அடையும். பிஎச் 11-இல் அன்றாடம் ஓட்ட அது ஏற்றதல்ல. பாலி ஈதர் சல்ஃபோன் சவ்வு காரத்தைத் தாங்கும். அதோடு அந்தப் பிஎச்சில் சுண்ணாம்புக் காரையும் இழையில் படியும். ஆகவே இருக்கிற சவ்வை வைத்து ஓட்டும் வரை, குறைந்த அளவு படிகாரமும் சரியான பிஎச்சும்தான் உங்களுக்குப் பொருந்தும். உண்ணும் தரத்துக்குப் போகும் நாளில் படிகாரத்தை விட்டுவிடுங்கள்.


குளத்துநீர் எழுதியது:

மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்த முதல் நாளே சவ்வு பழைய நிலைக்கு ஏறத்தாழத் திரும்பிவிட்டது. படிகார அளவை வடியும் நேரத்தை வைத்துத் தேடியதில், பிஎச் 7.2-இல் லிட்டருக்கு 60 மில்லிகிராம் இட்டபோது 100 மில்லி 3 நிமிடத்தில் வடிந்தது. 90-க்கும் 120-க்கும் நேரம் குறையவில்லை, மாறாகச் சற்றே கூடியது. இதில் எனக்கு வியப்பளித்தது, அந்த 60 மில்லிகிராம் முகவை கால் மணி நேரம் கழித்தும் கலங்கலாகவே இருந்ததுதான். முதல் சோதனையில் அதைப் பார்த்தவுடனே ஒதுக்கித் தள்ளியிருந்தேன்.

மேல்தொட்டியை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, தானாக இறங்கும் நீரில் ஓட்டுகிறேன். வால்வை 20 லிட்டரில் வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை பின்கழுவி, உறைக்குள் தங்கியதைக் கீழே வடித்துவிடுகிறேன். இரவு முழுவதும் ஓடிய பிறகும் 17-க்குக் கீழே இறங்கவில்லை. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மதியத்துக்குள் 4,000 லிட்டரும் முடிந்துவிடுகிறது. பின்கழுவும் நீர் கலப்பதால் கூழ் 400 லிட்டருக்குக் குறைவதில்லை. ஆனால் அதில் திரள் ஏற்கெனவே இருப்பதால், ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் பாதிக்குமேல் தெளிந்த நீர் மேலே நிற்கிறது, அதை இறுத்துவிடலாம். மையவிலக்கிக்குப் போவது 200 லிட்டருக்குள்தான். மையவிலக்கிக்கு ஒரு கன மீட்டருக்கு 8 யூனிட் மின்சாரம் என்று ஆய்வுக் கட்டுரைகளில் சொல்லும் கணக்கை வைத்தால், 4,000 லிட்டரையும் நேராகச் சுற்றியிருந்தால் 32 யூனிட். இப்போது இரண்டு யூனிட்டுக்குள் அடங்குகிறது. படிகாரம் குறைந்ததால் ஒரு கிலோ பாசிக்கு அலுமினியம் 10 கிராமுக்குள் வந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன். மீன் தீவனம் வாங்குபவரிடம் அதை எழுத்திலேயே தெரிவித்துவிட்டேன்.

ஐயா, ஒரே ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. வடிநீரை நான் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறேன். செல் நீக்கிய மேல்நீரின் வடியும் நேரம் முதல் வாரம் 7 நிமிடமாக இருந்தது, இப்போது 8 நிமிடத்தைத் தாண்டுகிறது. பசை சேர்ந்துகொண்டு வருகிறது என்று இதைக் கொள்ளலாமா?


வடிநீர் எழுதியது:

கொள்ளலாம் தம்பி. பத்து நிமிடத்தை எட்டும்போது வடிநீரில் ஐந்தில் ஒரு பங்கைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டு, அந்த அளவுக்குப் புதுநீர் சேருங்கள். பாசிமணி அம்மா சொன்னபடி நைட்ரேட் அளவையும் வாரம் ஒருமுறை பாருங்கள். அது தீர்ந்துபோயிருந்தால் எவ்வளவு புதுநீர் ஊற்றினாலும் நேரம் குறையாது.